ஜெரோம் நட்டுவைத்த வருஷம்

மதிவதனியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் வீட்டுக்காரரைத் திட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வேறு வழியில்லை. அந்த மனுஷன் ஒரே ஒரு வார்த்தை கறாராகப் பேசியிருந்தால் வைகாசியிலேயே வீடு காலியாகியிருக்கும், ஆவணிக்குள் அஸ்திவாரம் எழும்பியிருக்கும். நானும் இப்படி உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

சின்னியம்பாளையத்தில் அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்களுக்கு இரண்டு வீடுகள். முன்னால் இருப்பது நாங்கள் குடியிருக்கும் மச்சு வீடு. பின்னால் ஓடு வேய்ந்த சின்ன வீடு. அதை வாடகைக்கு விட்டிருந்தோம். அந்த ஓட்டு வீட்டுக்குப் பின்புறம் ஒரு பொடக்காளி உண்டு. மற்ற ஊர்களில் கொல்லை, புழக்கடை என்பார்கள்; எங்களுக்கு அது பொடக்காளிதான். நாங்கள் வாடகைக்கு விட்டபோது அங்கே ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், ஒரு புங்க மரம், ஒரு முருங்கை. மற்றதெல்லாம் வெறும் மண்.

அதில் குடிவந்தவர்கள்தான் ஜெரோமும் மதிவதனியும். ஜெரோம் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருடைய அப்பா மூலனூர்ப் பக்கம் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர். மதிவதனி வீட்டிலும் அதே கதைதான். காங்கயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு முடித்து, பீளமேட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் குடும்பத்தில் சம்பள ரசீது பார்த்த முதல் ஆள் அவள்தான். குழந்தை இல்லை. யாராவது அதைப் பற்றித் தூண்டித் துருவினால், "எனக்கு ஆஸ்பத்திரியில தெனமும் நூறு புள்ளைக வருதுங்க, ஒண்ணும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் நடையே ஓட்டம்தான். பேச்சும் அப்படித்தான். எதிரில் யார் நின்றாலும் எலும்பு தெரிகிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. ஒரு தடவை நான் படியில் வழுக்கி விழுந்தபோது, பதறி ஓடிவந்தவள் முதலில் சொன்ன வார்த்தை, "அசையாதீங்க்கா!" எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெரோம் நேர்மாறு. பேச்சே கிடையாது. வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது பழைய பேப்பரில் எதையாவது சுற்றிக்கொண்டு வருவார். கிழங்கா, குச்சியா, விதையா என்று யாருக்கும் தெரியாது. நேரே பொடக்காளிக்குப் போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மதிவதனியின் குரல் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்: "சேத்துக் காலோட உள்ள வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? இப்பத்தான தொடச்சுபோட்டேன்!" வெளியே நின்று அவர் காலைக் கழுவுகிற சத்தம் மட்டும் வரும். அவள் பொடக்காளிப் பக்கம் போவது துணி காயப்போட மட்டும்தான். இரவு டூட்டி, பகல் டூட்டி என்று மாறி மாறி வந்தால் பூவையும் செடியையும் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பங்குனிக் கடைசியில் ஜெரோம் இறந்துபோனார். டிப்போவில் டீ குடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்குச் சேதி போனபோது அவள் யாருக்கோ மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாளாம். அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில், "பூவாத்தாக்கா! பூவாத்தாக்கா!" என்று அவள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று தடியோடு ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில், இலை ஒன்றுகூட இல்லாமல், பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பாக ஒரு பந்து நின்றுகொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அது முழுக்கப் பூ. சின்னச் சின்ன ஊசி மாதிரி இதழ்கள் கூடி உருண்டையாக நின்றன.

"இத யாருங்க்கா வெச்சது?" என்று கேட்டாள்.

"என்னையக் கேட்டா? உன்ற ஊட்டுக்காரரத் தவுர இங்க வேற யாரு மண்ணப் பறிச்சாங்க?"

அவள் உள்ளே போய் போனை எடுத்துவந்து படம் பிடித்தாள். முதலில் நேர் எதிரே ஒன்று, பிறகு பக்கவாட்டில் மண்டிபோட்டு ஒன்று. எக்ஸ்ரேயில் அப்படித்தானாம், எதை எடுத்தாலும் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அப்போதுதான் எது எங்கே இருக்கிறதென்று சரியாகத் தெரியும் என்றாள். அதோடு ஓட்டு வீட்டுச் சமையலறைப் படியில் நின்று பொடக்காளி முழுக்கத் தெரியும்படி இன்னொன்றும் எடுத்தாள்.

"தெனமும் துணி காயப்போடறேன். இங்க ஒரு கெழங்கு இருக்கறது எனக்குத் தெரியாதுங்க்கா. இன்னும் எங்கெங்க என்னென்ன வெச்சுபோட்டுப் போயிருக்காரோ! ஒரு வருஷம் முழுக்கப் பாத்தாத்தானுங்க தெரியும்."

அன்றிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். டூட்டிக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் பொடக்காளியில்தான் இருப்பாள். புதிதாக எது முளைத்தாலும் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒவ்வொரு தமிழ் மாதமும் படியில் நின்று முழுப் படம் ஒன்று. வைகாசியில் குண்டுமல்லி ஒன்று வேலியோரம் பூத்தது. அதுவும் அவளுக்குத் தெரியாமல் வைத்ததுதான். பாவம், அவளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். ஆனால் எங்கள் கஷ்டம் எங்களுக்கு.

எங்கள் பையன் நிதீஷ் பெங்களூரில் வேலையாக இருந்தான். பெண் பார்க்கத் தொடங்கியிருந்தோம். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, பொடக்காளியையும் சேர்த்து மாடி வீடு கட்டுவதென்று ஜெரோம் இருந்த காலத்திலேயே முடிவாகியிருந்தது. வைகாசியில் நிதீஷ் போனில் அவசரப்படுத்தினான். "ஏனுங்க, நீங்க போயி மதிகிட்டச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரரை அனுப்பினேன்.

போனவர் அவளுடைய மிக்ஸியை ரிப்பேர் செய்துகொடுத்துவிட்டு வந்தார். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவருக்கு ரிப்பேரைக் கண்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும். இரண்டாவது தடவை அனுப்பினேன். எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்துவிட்டு வந்தார். "சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன் புள்ள. அதுக்குள்ள அந்த அம்மணி ஜூஸக் குடுத்துருச்சு. ஜூஸக் குடிச்சுப்போட்டு ஊட்டக் காலி பண்ணுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு நானே போனேன்.

மதிவதனி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "சரிங்க்கா. உங்க ஊடு, நீங்க கட்டத்தான வேணும். ஆனி முடியட்டுங்க்கா" என்றாள்.

ஆனி முடிந்தது. நான் கேட்டபோது அவள் முகத்தை ரொம்பவும் பவ்யமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆடி பொறந்துருச்சுங்களே! ஆடியில யாராச்சும் ஊடு மாறுவாங்களாங்க்கா?"

எனக்கு வந்ததே கோபம்! ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தை ஒரு நாளும் புரட்டாதவள், என்னிடமே வந்து ஆடி மாசக் கணக்குச் சொல்கிறாள். வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன்.

"அவங்க சொல்றதும் சரிதான புள்ள?" என்றார் இவர். "ஆடியில ஊடு மாறக்கூடாதுதான?"

"அது நமக்குங்க! அவளுக்கு என்ன ஆடி, என்ன ஆவணி?"

"எல்லாருக்கும் ஒரே காத்துத்தான அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் பேசி என்ன பிரயோஜனம்?

காற்று அடித்ததென்னவோ உண்மை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பும் ஆடிக் காற்று எங்கள் ஊருக்கு வரும்போது பேய் பிடித்துத்தான் வரும். முருங்கை இரண்டாக முறிந்தது. செடிகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. மதிவதனி ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, "அசையாத, அசையாத, மூச்சப் புடி" என்று செடியிடம் சொல்வாள். மூச்சைப் பிடிப்பது என்னவோ அவள்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

ஆவணியில் நான் விடவில்லை. "வா அம்மணி, நானே கூட வாரேன், ஊடு பாக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கணபதி, ரத்தினபுரி, சிங்காநல்லூர் என்று அலைந்தோம். கேட்ட கேள்விகள் இருக்கிறதே! தனியாகவா இருப்பீங்க? கவுச்சி சமைப்பீங்களா? நைட் டூட்டிக்குப் போவீங்களா, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க? எந்த ஊரு, உங்க ஆளுங்க யாரு? ஒரு வீட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நீங்க ஊடு வாடகைக்கு உடறீங்களா, இல்ல பொண்ணு பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள், "உடுங்க்கா, எனக்குப் பழக்கந்தான்" என்றாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

காந்திபுரத்தில் எங்கள் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பஸ் கிளம்பக் காணோம். அவள் போனைத் திறந்து ஒரு படம் காட்டினாள். கம்பி வேலியைப் பிடித்து ஏறிய கொடியில் ஒரு பூ. கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக, இதழெல்லாம் மேல்நோக்கி வளைந்து நின்றது. கண்வலிக்கிழங்குப் பூ. மூலனூர், தாராபுரம் பக்கம் காடு காடாகப் போட்டிருப்பார்களே, அதுதான்.

"நேத்துத்தானுங்க்கா பூத்துச்சு. எங்க மாமனாரு ஆயுசு முழுக்க அடுத்தவங்க காட்டுல இந்தக் கெழங்கத்தான் நோண்டுனாரு. சொந்தமா ஒரு கெழங்கு வெக்கறதுக்குச் சாணளவு மண்ணு இல்ல. இவரு ஒண்ணே ஒண்ணக் கொண்டாந்து இங்க வெச்சிருக்காரு பாருங்க. எங்கிட்டச் சொல்லவே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "இல்லீங்க்கா, பொய் சொல்றேன். சொன்னாரு. ‘மதி, இங்க வந்து பாரு’ன்னு கூப்புடுவாரு. டூட்டிக்கு நேரமாச்சுங்கன்னு நாந்தான் ஓடிருவேன். ஒரு நாளு நின்னு பாத்திருக்கலாம். இப்ப அவரு கூப்புட்ட பக்கமெல்லாம் போயிப் பாத்துட்டு இருக்கேன். ஒண்ணுகூட உட்டுறக் கூடாதுங்க்கா. பங்குனி வரைக்கும் பாத்துட்டனா, அப்புறமேலு எனக்கு ஒரு குறையும் இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். டவுன் பஸ்ஸில், பூக்கூடைக்காரம்மா ஒருத்தி எதிர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையைக்கூட எடுக்காமல் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்முனு இரு கண்ணு, கம்முனு இரு" என்றேன். ஏன் பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கண்டக்டரைத் திட்டினேன்.

அன்றோடு வீடு பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன். இவரிடம் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. புரட்டாசியில் வேலை தொடங்கக் கூடாதென்று நிதீஷிடம் சொன்னோம். ஐப்பசியில் மழை. மழைக்கு மறுநாள் காம்பவுண்டுச் சுவர் ஓரம் நாங்களெல்லாம் புல் என்று நினைத்திருந்த இடத்தில் வரிசையாக இளஞ்சிவப்பு மழை லில்லி பூத்துவிட்டது. அவள் ஈரத்தில் மண்டிபோட்டுப் படம் பிடித்தாள், இவர் குடை பிடித்தார். குடை அவள் தலைக்கா போனுக்கா என்று இவருக்குக் குழப்பம். கடைசியில் இரண்டும் நனைந்தன.

கார்த்திகையில் நிதீஷுக்குப் பெண் அமைந்தது. அடுத்த ஆவணியில் கல்யாணம். அதற்குள் வீடு எழும்பியாக வேண்டும் என்று நேரில் வந்து நின்றுவிட்டான். அவன் மேலும் தப்பில்லை. அவன் எங்களோடு வாக்குவாதம் பண்ணுவது அவளுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. மறுநாளே வந்தாள். கூட வேலை செய்யும் பெண்ணுக்கு மதுக்கரையில் வீடு இருக்கிறது, மாடிப் போர்ஷன் காலியாகிறது, மார்கழி போகட்டும், தை பிறந்ததும் போய்விடுகிறேன் என்றாள். இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். கேட்காமல் விட்டதுதான் என்னை அறுத்தது.

மார்கழியில் ஜன்னலுக்குக் கீழே ஊதா நிறத்தில் டிசம்பர் பூ. தையில் பொங்கலுக்கு முதல் நாள் நாங்கள் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து வாசல் நிலையில் செருகிக் காப்புக் கட்டியபோது, ஓட்டு வீட்டுக் கூரையிலும் அவளே ஒரு கொத்துச் செருகினாள். பொங்கல் நோம்பி முடிந்ததும் ஒரு டெம்போவில் சாமான்களை ஏற்றினாள். பீரோ, கட்டில், ஜெரோமின் டூல்ஸ் பெட்டி. ஏறும் முன்பு என்னிடம், "இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் பண்ணுங்க்கா" என்றாள்.

மாசியில் ஜேசிபி வருவதாக ஏற்பாடு. அப்போது பார்த்து இவர் குண்டைத் தூக்கிப் போட்டார். அவிநாசி ஜோசியர் பாலகோபாலைப் பார்த்தாராம்; நம் ராசிக்கு மாசியும் ஆகாது, பங்குனியும் ஆகாது, சித்திரை பிறந்துதான் மண்ணில் கை வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம். நிதீஷ் போனில் குதித்தான். "ஜோசியரு சொன்னா மீறமுடியாது சாமி" என்று இவர் அப்பாவியாகச் சொன்னார்.

எனக்குச் சந்தேகம். பிரதோஷத்துக்கு அவிநாசிக் கோயிலுக்குப் போனபோது, கோயில் பக்கத்திலேயே இருக்கும் பாலகோபாலை நேரில் பார்த்துக் கேட்டேன். "அண்ணன் இந்தப் பக்கம் வந்தே வருஷம் ஆச்சுங்களே அம்மணி! மாசியில நல்ல நாளு இருக்குதுங்க, குறிச்சுத் தரட்டுங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்தேன். "கட்டுன பொண்டாட்டிகிட்டயே பொய் சொல்றீங்களா? அதும் சாமி பேர்ல!"

"பொய்தான் புள்ள. ரெண்டே மாசம். அந்தப் புள்ள பத்து மாசம் பாத்துபோட்டு, மிச்சத்தப் பாக்காமப் போச்சு. அது மேல ஜேசிபிய உட்டு ஊடு கட்டுனா எனக்கு அந்த ஊட்டுல தூக்கம் வருமா?" என்றார் இவர்.

பஸ்ஸில் நடந்ததை நான் இவரிடம் சொன்னதே இல்லை. மதிவதனியும் சொல்லியிருக்க மாட்டாள். தானாகவே பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன், இப்படி ஏதாவது செய்து என் வாயை அடைத்துவிடுவார். அன்று இரவே நான் நிதீஷைக் கூப்பிட்டு, ஜோசியரை நானும் பார்த்தேன், பங்குனி ரொம்பவே ஆகாதாம் என்று சொல்லிவிட்டேன்.

இடிப்பது தள்ளிப்போயிருக்கிறது என்று போன் பண்ணிச் சொன்னோம்; மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மதுக்கரையிலிருந்து வந்தாள். புங்க மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. பொடக்காளி முழுக்கச் சருகு. புதிதாக ஒன்றும் இல்லை. மூலை மூலையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, படியில் நின்று முழுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். "பரவால்லீங்க்கா, பங்குனி இருக்குதே" என்றாள். அவள் போன பிறகு இவர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பங்குனியில் ஜெரோமுக்கு வருஷப் பூசை வைத்திருந்த ஞாயிறு, சர்ச் முடிந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் பொடக்காளிப் பக்கம் போனால் அங்கே இவர் குந்தி உட்கார்ந்து மண்ணைப் பறித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில், பூத்த நிலையில் ஒரு வெள்ளை லில்லிச் செடி.

"என்னங்க இது?"

திருட்டு முழி முழித்தார். "நர்சரியில வாங்குனேன் புள்ள. கிறிஸ்டியன்காரங்க ஈஸ்டருக்கு வெக்கற மாதிரி ஒரு பூ குடுங்கன்னேன், இதக் குடுத்தாங்க. நாளைக்கும் அந்த அம்மணி வெறுங்கையோட போயிரக்கூடாதில்ல?"

"ஏனுங்க, அவளென்ன சின்னப் புள்ளையா? கண்டுபுடிக்க மாட்டாளா?"

"எப்படித் தெரியும்? அவருதான் அங்கங்க வெச்சிருக்காரே. இதும் ஒண்ணுன்னு நெனச்சுக்கும்."

அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "சரி, மண்ண நல்லா அமுக்கி உடுங்க, புதுசா நட்டது தெரியப்போகுது" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். மேலே கொஞ்சம் சருகு அள்ளிப் போட்டேன். இரண்டு பேரும் ஏதோ திருடப் போகிறவர்கள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தோம்.

மறுநாள் அவள் வெள்ளைப் புடவையில் வந்தாள். நேரே பொடக்காளிக்குத்தான் போனாள். மொட்டையாக நின்ற புங்க மரம் முழுக்கத் துளிர்த்து, வெயிலில் பளபளவென்று நின்றது. கீழே அதன் பூ பொரி சிந்தினாற்போல உதிர்ந்து கிடந்தது. அவள் துவைக்கிற கல், வேலி, ஜன்னலடி என்று ஒவ்வொரு இடமாகப் போனாள். கடைசியில் படிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். லில்லியைப் பார்த்துவிட்டாள்.

இவர் கிணற்றுப் பக்கம் நின்று, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போலப் புங்க மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிவதனி குந்தி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் குனிந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நான் ஊற்றிய தண்ணீரில் மண் கரைந்து, செடியின் அடியில் நர்சரிக்காரன் கொடுத்த கருப்பு பிளாஸ்டிக் கவரின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அட கெரகமே! கவரைக் கிழிக்காமல் அப்படியே குழிக்குள் இறக்கியிருக்கிறார்!

அவளும் பார்த்துவிட்டாள். செடியை நோக்கிப் போன கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கி இவரைப் பார்த்தாள். இவர் இன்னும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் இரண்டு விரலால் பக்கத்து மண்ணைத் தள்ளி அந்தக் கருப்பு விளிம்பை மூடினாள். மேலே ஒரு சருகை எடுத்து வைத்தாள். போனை எடுத்து முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று படம் பிடித்தாள்.

எழுந்து நின்று, "ஏனுங்ணா," என்று இவரைக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க. இதக்கூட வெச்சுபோட்டுத்தானுங்க போயிருக்காரு."

"அப்படீங்களா அம்மணி!" என்று இவர் ஓடிவந்தார். "பாரேன்! நாங்க கவனிக்கவே இல்லீங்களே!"

அதன் பிறகு அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னிடம் களைக்கொத்து வாங்கிக்கொண்டு வேலையில் இறங்கினாள். பங்குனி வெயிலில் கிழங்கெல்லாம் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. மேலே ஒரு அடையாளமும் கிடையாது. அவள் போனைத் திறந்து, முன்பக்கப் படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் பார்த்துப் பார்த்து, சரியாக அந்த இடத்தில் கொத்தினாள். சிவப்புப் பந்துக் கிழங்கு வந்தது. கண்வலிக்கிழங்கு வந்தது. மழை லில்லிக் கிழங்குகள் கை நிறைய வந்தன. ஒன்றில்கூட வெட்டு விழவில்லை. எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தாள். குண்டுமல்லியிலும் டிசம்பர் பூச் செடியிலும் இரண்டிரண்டு குச்சி ஒடித்துக்கொண்டாள்.

லில்லி மட்டும் மிச்சம். "அண்ணா, எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாறீங்களா?" என்று கேட்டாள். இவர் வீட்டுக்குள் போன சமயம் பார்த்து, மண்ணை ஒதுக்கிவிட்டு, செடியைக் கவரோடு அலுங்காமல் தூக்கிப் பைக்குள் இறக்கினாள். பையின் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் நீராக நின்றது.

"அண்ணங்கிட்டச் சொல்லிராதீங்க்கா."

தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, இவரிடம் சொம்பைக் கொடுத்து, "இனி நீங்க வேலைய ஆரம்பிச்சுக்குங்ணா" என்றாள். பஸ் ஏற்றிவிடப் போன இவர் வெகு நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

சித்திரையில் ஓட்டு வீட்டை இடித்தோம். இப்போது அங்கே கட்டிய மாடி வீட்டில், வேலையை இங்கேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்ட நிதீஷும் மருமகளும் இருக்கிறார்கள். மதிவதனி மாதா மாதம் மதுக்கரை மாடித் தொட்டிகளைப் படம் பிடித்து இவருடைய போனுக்கு அனுப்புகிறாள். அதில் அந்த வெள்ளை லில்லியும் ஒன்று. புதிய தொட்டியில், தூர் பெருத்து, கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது. வீட்டுக்கு வருகிற சொந்தபந்தம், ஒறம்பரை சனத்திடமெல்லாம் இவர் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்பார்: "பாத்தியா புள்ள, அந்த அம்மணி இன்னும் ஜெரோம் வெச்சதுன்னே நெனச்சுட்டு இருக்குது, இல்ல?"

"ஆமாங்க" என்பேன்.